நேரம் யாருடையது? – தரவோட்டக் காலப்பிழைகளின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்னார் இன்ன கருவியை ஆக்கினார் என்னும் வரிசையே பாடநூல்களில் இடம்பெறுகின்றது. அக்கருவி எவ்வாறு பிழைத்தது, அப்பிழையை எவர் எவ்வழியாற் கண்டறிந்தனர், கண்டறியும்வரை அதன் சுமையை எவர் தாங்கினர் என்னும் வினாக்கள் அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. ஆயினும் ஒரு கருவி செவ்வனே இயங்கும்பொழுது அதன் உள்ளியல்பு மறைந்தே கிடக்கின்றது. அது தடுமாறும்பொழுதுதான் அதன் அமைப்பும், அதனை அமைத்தோர் எவற்றை உண்மையெனக் கொண்டனர் என்பதும் வெளிப்படுகின்றன. இவ்வகையில், பிழைகளின் வரலாறும் வரலாற்று மாணவனின் கவனத்துக்கு உரியதாகின்றது.

யூ.எஸ்.பி. எனச் சுருக்கி வழங்கப்படும் பொதுத்தொடர் இணைப்பின் வழியாகக் கணனியோடு இணையும் ஒலிக்கருவிகளிலே நெடுநாட் காணப்பட்டுவரும் பிழையொன்றை இங்கு எடுத்துக்கொள்ளலாம். ஒலி தெளிவாகச் சென்றுகொண்டிருக்கும். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' என்றொரு வெடிப்பு எழும். பின்னர் மீண்டும் தெளிவாகும். கம்பியை மாற்றினாலும் அது நீங்குவதில்லை. கணனியை மாற்றினால் வெடிப்புக்களுக்கு இடைப்பட்ட காலம் மாறுமேயன்றி வெடிப்பு மறைவதில்லை. அனுப்பப்பட்ட தரவில் ஓர் எழுத்தேனும் சிதைந்திருக்காது. தரவு சரியானது; அது வந்த நேரமே தவறானது. இப்பிழை புதியதொரு பொறிக்குரிய புதிய பிழையெனத் தோன்றலாம். உண்மையில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகத் தந்தி, தொலைபேசி, கணனி ஆகிய மூன்று துறைகளையும் தொடர்ந்துவந்த ஒரே சிக்கலின் அண்மைக்கால வடிவமே அது. அச்சிக்கலின் வளர்ச்சியையும், காலந்தோறும் அதற்குக் காணப்பட்ட விடைகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிக்கலின் இயல்பு

ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தரவு தொடர்ச்சியாகச் செல்லவேண்டுமாயின், அனுப்புமிடத்தில் ஒரு கடிகாரமும் பெறுமிடத்தில் ஒரு கடிகாரமும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவனவாகப் பொறியியலாளர் கருதிக்கொள்கின்றனர். ஆனால் உலகில் எந்த இரு கடிகாரங்களும் முற்றாக ஒத்து ஓடுவதில்லை. இன்றைய கருவிகளிற் பயன்படும் மலிவான குவாட்ஸ் பளிங்குகள்கூட, வெப்பநிலைக்கும் வயதுக்கும் ஏற்ப, பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகளேனும் தம்முள் வேறுபடுகின்றன.

இவ்வேறுபாடு அற்பமானதெனக் கருதுவதற்கில்லை. செக்கனுக்கு 48,000 ஒலி மாதிரிகளை அனுப்பும் கருவியையும் அவற்றைப் பெற்று ஒலிக்கும் கருவியையும் எண்ணுவோம். இவற்றின் கடிகாரங்கள் பத்து இலட்சத்தில் நூறு பங்கு வேறுபடுமாயின், ஒவ்வொரு செக்கனும் 4.8 மாதிரிகள் மிகும் அல்லது குறையும். பெறுங்கருவியில் 480 மாதிரிகளைத் தாங்கக்கூடிய இடைச்சேமிப்பொன்று இருந்து, அது தொடக்கத்திற் பாதியளவு நிரப்பப்பட்டிருப்பின், 50 செக்கன்களில் அது வழியும் அல்லது வற்றிவிடும். அக்கணத்திலே எழுவதுதான் முன்னர் குறிப்பிட்ட வெடிப்பு. எனவே எக்கடிகாரம் எதற்குக் கட்டுப்படுவது என்பதே இச்சிக்கலின் மையமாகின்றது. 'நேரம் யாருடையது' என்ற இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கூறியுள்ளது.

தந்தியும் தொழிலாளியின் கையும்

மோர்ஸ் தந்தியில் இவ்வினா கூர்மையாக எழவில்லை. அங்கு பெறுபவர் மனிதராக இருந்தமையால், அனுப்புபவரின் வேகம் கூடினும் குறையினும் காது அதற்கேற்ப இசைந்துகொண்டது. பெறுமிடத்தில் மனிதனுக்குப் பதிலாகப் பொறியை அமர்த்த முயன்றபொழுதே கடிகாரங்களின் முரண் வெளிப்பட்டது. 1855 இல் டேவிட் ஹியூஸ் ஆக்கிய அச்சிடுதந்தியில், இரு முனைகளிலும் எழுத்துச்சில்லுகள் ஒத்துச் சுழலவேண்டியிருந்தன. அவை விலகிச்சென்றால், அனுப்பிய எழுத்துக்குப் பதிலாக அடுத்த எழுத்து அச்சாகிவிடும்.

இத்துறையிற் பெருமாற்றத்தை ஏற்படுத்தியவர் பிரெஞ்சு தந்தித் திணைக்களத்தில் ஊழியராக இருந்த எமில் போதோ ஆவார். அவர் 1874 இல் உரிமைப்பத்திரம் பெற்ற முறைமை, ஒவ்வோர் எழுத்தையும் ஐந்து மின்குறிகளாகப் பகுத்தது. ஒரே கம்பியைப் பல தந்தியாளர் முறைவைத்துப் பயன்படுத்துவதற்கும் அது வழிவகுத்தது. சுழலுந் தூரிகையொன்று வட்டத்தகட்டின் மீது ஓடி, ஒவ்வொரு தந்தியாளருக்கும் ஒரு சுற்றில் ஒரு பங்கு நேரத்தை வழங்கியது. தொலைவிலுள்ள மற்றைய முனையிலும் அவ்வாறே ஒரு தூரிகை ஓடியது. இரண்டும் விலகாதிருக்க, ஒரு முனையின் சுழற்சி மறுமுனையிலிருந்து வரும் குறியினால் இடையறாது திருத்தப்பட்டது. 1877 இல் பாரிஸ்–போர்டோ வழியில் இம்முறைமை சேவைக்கு வந்தது. செய்தி வேகத்தை அளக்கும் 'போட்' என்னும் அலகு இவரது பெயரினாலேயே வழங்குகின்றது.

இம்முறைமையில் இரு பொறிகளின் முரண் தீர்க்கப்பட்டதெனினும், அதன் விலையை மூன்றாவதொரு கடிகாரம் செலுத்த நேர்ந்தது. தந்தியாளரின் கையே அக்கடிகாரம். தந்தியாளரின் முன் ஐந்து விசைகள் இருந்தன. இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. ஓர் எழுத்துக்குரிய விசைகளை அழுத்தியதும், தூரிகை அவற்றைக் கடந்து செல்லும்வரை அவை பிடிபட்டு நின்றன. கடந்ததும் விடுவிக்கப்பட்டு, அடுத்த எழுத்தை அழுத்தலாம் என்பதற்கு அடையாளமாக ஓர் ஒலி எழுந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 சுற்றுக்கள். அதாவது நிமிடத்துக்கு 180 எழுத்துக்கள், ஏறத்தாழ 30 சொற்கள். அவ்வொலிக்கு முந்தினாலும் பிந்தினாலும் எழுத்துப் பிழைத்தது. ஆகவே தந்தியாளர் தம் விரல்களைப் பொறியின் தாளத்துக்குப் பழக்கிக்கொள்ளவேண்டியவராயினர். ஆலைத்தொழிலாளி நெசவுப்பொறியின் வேகத்துக்குத் தன் உடலை இசைவித்த அதே நூற்றாண்டில், அலுவலகத்திலிருந்த தந்தியாளருக்கும் அந்நிலை ஏற்பட்டமை கவனிக்கத்தக்கது. 'நேரம் யாருடையது' என்பதற்குப் போதோவின் காலம் அளித்த விடை, அது பொறியினுடையது என்பதே.

கடதாசி நாடா தந்த விடுதலை

இந்நிலையை மாற்றியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த டொனால்ட் மறே. பத்திரிகைத்துறையிலிருந்து வந்த இவர், 1901 அளவில் தட்டச்சுப்பொறி போன்ற விசைப்பலகையைத் தந்தியோடு இணைத்தார். தந்தியாளர் விசையை அழுத்தியதும் எழுத்து நேராகக் கம்பிக்குச் செல்லவில்லை. கடதாசி நாடாவொன்றிலே துளைகளாகப் பதிந்தது. பின்னர் அந்நாடாவை வேறொரு பொறி வாசித்து, கம்பிக்குரிய சீரான வேகத்தில் அனுப்பியது. துளையிட்ட நாடாவை மோர்ஸ் தந்திக்கு வீற்ஸ்ரன் முன்னரே பயன்படுத்தியிருந்தார் என்பது உண்மையே. எனினும் விசைப்பலகையும் ஐந்தலகுக் குறிமுறையும் நாடாவும் ஒன்றுசேர்ந்தபொழுது, தந்தியாளர் பொறியின் தாளத்திலிருந்து விடுபட்டார். அவர் விரைந்தும் தட்டலாம். சற்று நிறுத்தி அடுத்த தாளைப் புரட்டவும் செய்யலாம். கம்பி தன் வேகத்திற் சென்றுகொண்டிருக்கும். பொறிக்கும் கைக்கும் இடையில் தொங்கிய சில அடி நீளமான நாடாவே அவ்விடுதலையைத் தந்தது. இன்று 'பஃபர்' எனப்படும் இடைச்சேமிப்பின் முன்னோடியாக அந்நாடாவைக் கொள்வது பொருத்தமாகும். அதன் விலையும் அன்றே வெளிப்பட்டது: நாடா நீளும் அளவுக்குச் செய்தி தாமதமாகும்.

தொடக்கக்குறியும் நிறுத்தக்குறியும்

இரு கடிகாரங்களையும் ஓயாது திருத்திக்கொண்டிருப்பதை விட, அவை ஒத்திருக்கவேண்டிய காலத்தையே குறுக்கிவிடுவது மற்றொரு வழி. ஐக்கிய அமெரிக்காவில் சாள்ஸ் கிறம், அவர் மகன் ஹவார்ட் கிறம் ஆகியோரின் மோர்க்கிறம் நிறுவனம் 1910 அளவில் இவ்வழியை மேற்கொண்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னர் ஒரு தொடக்கக்குறியும், பின்னர் ஒரு நிறுத்தக்குறியும் சேர்க்கப்பட்டன. தொடக்கக்குறி கண்டதும் பெறும்பொறி தன் சுழற்சியைத் தொடங்கும். ஐந்து குறிகளையும் வாசித்ததும் நின்றுவிடும். அடுத்த எழுத்துக்கு மீண்டும் புதிதாகத் தொடங்கும். எனவே முந்திய எழுத்தில் நேர்ந்த விலகல் அடுத்த எழுத்துக்குக் கடத்தப்படவில்லை. கடிகாரங்கள் என்றென்றும் ஒத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை, ஓர் எழுத்தின் அளவுக்கு ஒத்திருந்தாற் போதும் என்று தளர்ந்தது. நிமிடத்துக்கு 60 சொற்கள் செல்லும் தொலைஅச்சியில் ஒரு குறியின் நீளம் 22 மில்லிசெக்கன். ஓர் எழுத்து முழுவதற்கும் ஏறத்தாழ 163 மில்லிசெக்கன்கள் போதுமானவையாக இருந்தன.

இத்தொலைஅச்சிகளைப் பராமரித்தோரிடம் இரு அரிய வழக்கங்கள் காணப்பட்டன. முதலாவது, வேகத்தைக் கண்ணாற் சோதிப்பது. இசைக்கவையொன்றின் முனைகளில் இடைவெளியுள்ள சிறு தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. அதனைத் தட்டி அதிரவைத்து, அவ்விடைவெளியூடாக மோட்டரின் சுழலும் சில்லிலுள்ள வெள்ளைப் புள்ளிகளை நோக்குவர். புள்ளிகள் அசையாது நிற்பனபோலத் தோன்றினால் வேகம் சரி. மெல்ல நகர்வனவாயின் வேகம் விலகியுள்ளது. இரண்டாவது, பிழையை வேண்டுமென்றே வருவிப்பது. பெறும்பொறி குறியை வாசிக்கும் கணத்தை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கு அதில் ஒரு நெம்பும் அளவுகோலும் இருந்தன. எழுத்துக்கள் பிழைக்கத் தொடங்கும்வரை ஒரு பக்கம் நகர்த்தி அவ்வெல்லையைக் குறித்துக்கொள்வர். மறுபக்கமும் அவ்வாறே செய்வர். பின்னர் இரண்டுக்கும் நடுவே நெம்பை நிறுத்துவர். பொறி சரியாக இயங்குகின்றது என்பதோடு அமையாது, பிழைக்கு எவ்வளவு தூரத்தில் நின்று இயங்குகின்றது என்பதையும் அவர்கள் அளந்தனர். பிற்காலத்தில் இவ்வழக்கம் பல இடங்களிற் கைவிடப்பட்டமை ஓர் இழப்பென்றே கூறவேண்டும்.

ஒரே கடிகாரம் என்னும் கனவு

தொலைபேசித்துறை வேறொரு விடையைத் தேடியது. பேச்சொலியை எண்களாக்கி அனுப்பும் முறையை அலெக் றீவ்ஸ் 1937 இற் பாரிசில் உருவாக்கினார். அக்கால மின்னணுக் கருவிகள் அதனைத் தாங்கும் நிலையில் இருக்கவில்லை. 1962 இலேயே பெல் நிறுவனம் அதனைப் பொதுச்சேவைக்குக் கொண்டுவந்தது. ஒரு வழியில் 24 உரையாடல்கள். ஒவ்வோர் உரையாடலுக்கும் செக்கனுக்கு 8,000 மாதிரிகள். எனவே ஒவ்வொரு 125 மைக்குரோசெக்கனுக்கும் ஒரு சட்டகம். செக்கனுக்கு மொத்தம் 15,44,000 பிட்டுகள்.

இரு தொலைபேசி நிலையங்களின் கடிகாரங்கள் விலகும்பொழுது, பெறும் நிலையம் ஒரு முழுச்சட்டகத்தைக் கைவிடும் அல்லது ஒன்றை இருமுறை வாசிக்கும். இது 'வழுக்கல்' எனப்பட்டது. பேசுவோருக்கு அது சிறியதொரு சத்தம் மட்டுமே. ஆனால் அதே வழியிற் படிமங்களும் கணனித்தரவும் செல்லத் தொடங்கியபொழுது, அச்சிறு சத்தம் ஒரு பக்கத்தின் ஒரு பகுதியையே அழித்தது. இதற்கு விடையாக, நாட்டின் வலையமைப்பு முழுவதையும் அணுக்கடிகாரமொன்றுக்குக் கீழ்ப்படுத்தும் படிநிலை ஒழுங்கு ஏற்படுத்தப்பட்டது. நாடுகளுக்கிடையே தனித்தனிக் கடிகாரங்கள் நின்றன. அவை பத்தாயிரங்கோடியில் ஒரு பங்குக்கு மேல் விலகக்கூடாது என விதிக்கப்பட்டது. அத்தகைய இரு கடிகாரங்களுக்கிடையே ஏறத்தாழ 70 நாட்களுக்கு ஒருமுறையே வழுக்கல் நிகழும். ஒரே கடிகாரத்தை அடையமுடியாதபொழுது, பிழையை ஒழிப்பதற்குப் பதிலாக அதனை அரிதாக்குவதே போதுமென ஒப்புக்கொள்ளப்பட்டமை இங்கு குறிப்பிடத்தக்கது. இவ்வாறு அரிதாக்குவதற்குப் பெருஞ்செலவும் மையப்படுத்தப்பட்ட நிருவாகமும் தேவைப்பட்டன. மேசைமேல் வைக்கும் கணனிக்கு அவ்வசதிகள் வாய்க்கவில்லை.

தனியாள் கணனியும் இழந்த எழுத்துக்களும்

கணனிகள் தம் தொடர்பாடல் முறையைத் தொலைஅச்சியிடமிருந்தே பெற்றன. கோர்டன் பெல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் அமைத்த மின்சுற்று, தொலைஅச்சியின் சுழலும் பொறிமுறையை மின்னணு வடிவுக்கு மாற்றியது. 1971 இல் வெஸ்டேர்ன் டிஜிட்டல் நிறுவனம் அதனை ஒரே சில்லில் அடக்கியது. 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணனியிலும் 8250 என்னும் இத்தகைய சில்லு இடம்பெற்றது. இவ்வாறு 1910 இன் தொடக்கக்குறியும் நிறுத்தக்குறியும் புதிய பொறிக்குள் குடிபுகுந்தன.

ஆனால் புதிய பொறியில் மூன்றாவதொரு கடிகாரம் மீண்டும் தோன்றியது. இம்முறை அது மனிதனின் கையன்று. டிரைவர் எனப்படும் சாதனச் செலுத்தியின் வேகமாகும். 8250 சில்லு தான் பெற்ற பைட் ஒன்றை மட்டுமே தாங்கி வைத்திருக்கும். அடுத்த பைட் முற்றாக வந்துசேர்வதற்குள் மென்பொருள் அதனை எடுத்துவிடல் வேண்டும். செக்கனுக்கு 9,600 பிட்டுகள் என்ற வேகத்தில் அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் அவகாசம் உண்டு. வேகம் 1,15,200 ஆக உயர்ந்தபொழுது அவ்வவகாசம் 87 மைக்குரோசெக்கனாகச் சுருங்கியது. அவ்வேளையிற் கணனி வட்டிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாலோ, வேறொரு நிரலுக்கு முறை வழங்கிக்கொண்டிருந்தாலோ, பழைய பைட்டின்மேற் புதிய பைட் எழுதப்பட்டுவிடும். சில்லு இதனை உணர்ந்து 'மேலோட்டம்' என ஓர் அடையாளத்தை வைத்தது. எத்தனை பைட்டுகள் இழக்கப்பட்டன என்பதை அது கூறவில்லை.

1980களின் பிற்பகுதியில் வந்த 16550 வகைச் சில்லு, 16 பைட்டுகளைத் தாங்கும் வரிசையொன்றைத் தன்னுள் கொண்டிருந்தது. 87 மைக்குரோசெக்கன் அவகாசம் ஏறத்தாழ 1.4 மில்லிசெக்கனாக விரிந்தது. மறேயின் கடதாசி நாடா செய்த பணியை இப்பொழுது பதினாறு பைட்டுகள் செய்தன எனலாம்.

யூ.எஸ்.பி.யும் மூன்று விடைகளும்

1996 சனவரியில் வெளிவந்த யூ.எஸ்.பி. விதிமுறையைக் கொம்பாக், டிஜிட்டல், ஐ.பி.எம்., இன்டெல், மைக்குரோசொவ்ற், என்.ஈ.சி., நோர்தேர்ன் டெலிகொம் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து வகுத்தன. இறுதியிற் கூறப்பட்டது தொலைபேசித்துறை நிறுவனம். கணனியையும் தொலைபேசியையும் இணைப்பது இவ்விதிமுறையின் நோக்கங்களுள் ஒன்றாகவும் இருந்தது.

இம்முறைமையின் முதலிரு தலைமுறைகளில் ஆட்சி முழுவதும் கணனியிடமே இருந்தது. கணனி கேளாத வரையில் எச்சாதனமும் பேசமுடியாது. கணனி ஒரு மில்லிசெக்கனுக்கு ஒருமுறை சட்டகத் தொடக்கத்தை அறிவிக்கும். 2000 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு அதனை எட்டாகப் பகுத்தது. அவ்வாறு வந்த 125 மைக்குரோசெக்கன், தொலைபேசிச் சட்டகத்தின் நீளமேயாகும். ஒலியும் படமும் போன்ற தொடர் ஓட்டங்களுக்கெனச் சமகால மாற்றம் என்னும் தனிவகை ஒதுக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு சட்டகத்திலும் இடம் உறுதி. ஆனால் பிழைத்த தரவு மீண்டும் அனுப்பப்படமாட்டாது. பிந்திவரும் சரியான தரவு ஒலிக்குப் பயனற்றது என்பதே இதன் அடிப்படை.

தொலைபேசியின் 8,000 மாதிரிகளை ஆயிரம் சட்டகங்களுக்குப் பகிர்ந்தால் சட்டகத்துக்கு எட்டு, மீதியில்லை. ஆனால் 1982 இல் வெளிவந்த இறுவட்டு இசை செக்கனுக்கு 44,100 மாதிரிகளைக் கொண்டது. அதனைப் பகிர்ந்தால் 44.1 ஆகும். மாதிரியைப் பின்னமாக்க இயலாது. எனவே ஒன்பது சட்டகங்களில் 44, பத்தாவதில் 45 என அனுப்பவேண்டும். இதனை உணராத செலுத்தியொன்று எப்பொழுதும் 44 ஐயே அனுப்புமாயின், செக்கனுக்கு 100 மாதிரிகள் குறையும். கருவி சீரான இடைவெளியில் வெடித்துக்கொண்டேயிருக்கும்.

இதனிலும் ஆழமான சிக்கல், கணனியின் ஒரு மில்லிசெக்கனும் ஒலிக்கருவியின் ஒரு மில்லிசெக்கனும் ஒன்றல்ல என்பதாகும். கணனியின் சட்டகம் பத்து இலட்சத்தில் 500 பங்குவரை விலகுவதற்கு விதிமுறையே இடமளித்தது. 48,000 மாதிரிகள் செல்லும் ஓட்டத்தில் இது செக்கனுக்கு 24 மாதிரிகளுக்குச் சமன். இதற்கு விதிமுறை மூன்று விடைகளை முன்வைத்தது. முதலாவதில், சாதனம் தன் கடிகாரத்தைக் கணனியின் சட்டகத்தோடு பூட்டிக்கொள்ளும். இது போதோவின் விடை. இரண்டாவதில், வரும் தரவின் சராசரி வேகத்தை நோக்கிச் சாதனம் தன்னைத் தானே மாற்றியமைத்துக்கொள்ளும். மோர்ஸ் தந்தியாளரின் காது செய்ததும் இதுவே. மூன்றாவதில், சாதனம் தன் பளிங்கின் வேகத்திலேயே ஓடும். ஒரு சட்டகத்துக்குத் தனக்கு எத்தனை மாதிரிகள் தேவையென்பதைப் பின்னமாகக் கணித்து, பின்னூட்டல் வழியொன்றினாற் கணனிக்கு அறிவிக்கும். கணனி அதற்கேற்பக் கூட்டியும் குறைத்தும் அனுப்பும்.

இம்மூன்றாவது விடை வரலாற்று நோக்கில் முக்கியமானது. கேட்டாலன்றிப் பேசமுடியாத சாதனம், வேகத்தைத் தானே நிர்ணயிக்கும் உரிமையைப் பெறுகின்றது. கம்பியின் ஆட்சி கணனியிடம் இருக்க, நேரத்தின் ஆட்சி சாதனத்திடம் செல்கின்றது. இசைப்பதிவுத் துறையிலும் உயர்தர ஒலிக்கருவிகளிலும் இவ்விடையே பெரிதும் ஏற்கப்பட்டது. செலுத்தி எழுதுவோர் அப்பின்னூட்டலைப் புறக்கணிக்கும்பொழுதும், தவறாக வாசிக்கும்பொழுதும் பழைய வெடிப்பு மீண்டும் எழுகின்றது.

பிழை காணும் முறை

காலப்பிழையைக் கண்டறிவோர் முதலிற் செய்யவேண்டியது வெடிப்புக்களுக்கு இடைப்பட்ட காலத்தை அளப்பதாகும். அது சீரானதாயின், காரணம் கடிகாரங்களின் விலகலாகவோ மாதிரிகளைப் பகிர்ந்த கணக்கின் பிழையாகவோ இருக்கும். கணனிக்கு வேலை கூடும்பொழுது கூடியும், குறையும்பொழுது குறைந்தும் ஒழுங்கின்றி வருமாயின், செலுத்தி உரிய வேளையில் எழும்பவில்லை என்று கொள்ளலாம். ஒரு கோரிக்கை முடிந்தபின்னரே அடுத்ததைக் கொடுக்கும் செலுத்தியில், இரண்டுக்கும் இடையே சில சட்டகங்கள் வெறுமையாகச் சென்றுவிடும். பல கோரிக்கைகளை முன்கூட்டியே வரிசையில் வைப்பது இதற்கு மருந்து. ஆயின் ஒரு மில்லிசெக்கன் கொண்ட எட்டுக் கோரிக்கைகளை வரிசையில் வைத்தால் எட்டு மில்லிசெக்கன் தாமதமும் உடன்வரும். கடிகார விலகலுக்கு இம்மருந்தைக் கொடுப்பது நோயை மறைப்பதாகவே முடியும். இடைச்சேமிப்பை இருமடங்காக்கினால் ஐம்பது செக்கனில் வந்த வெடிப்பு நூறு செக்கனில் வரும். குறுகிய சோதனையிற் புலப்படாது, பயன்படுத்துவோரிடம் சென்றபின் புலப்படும்.

குறுகிய சோதனை மறைத்த விலகலுக்கு மனித உயிர்கள் விலையான நிகழ்ச்சியும் உண்டு. 1991 பெப்ரவரி 25 ஆம் திகதி சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியட் எதிரேவுகணை முறைமை, வந்த ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தனர். அதன் கணனி நேரத்தைப் பத்திலொரு செக்கன்களாக எண்ணியது. பத்திலொன்று என்னும் பின்னத்தை இரும எண்முறையில் முடிவுற எழுத இயலாது; 24 பிட்டுகளில் வெட்டப்பட்டபொழுது மிகச்சிறிய குறைபாடு நின்றது. ஏறத்தாழ 100 மணி நேரம் ஓயாது இயங்கியபின் அக்குறைபாடு செக்கனின் மூன்றிலொரு பங்கைத் தாண்டியிருந்தது. நெடுநேர இயக்கம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை இரண்டு வாரங்களுக்கு முன்னரே கிடைத்திருந்தது. திருத்தப்பட்ட மென்பொருள் மறுநாளே தஹ்ரானை அடைந்தது.

காலப்பிழையின் மற்றோர் இயல்பு, பார்க்க முற்பட்டால் மறைந்துவிடுவது. செலுத்தியின் இயக்கத்தைக் காண்பதற்கென அதனுள் செய்தி அச்சிடும் கட்டளைகளைச் சேர்த்தால், அக்கட்டளைகளே நேரத்தை எடுத்துப் பிழையின் போக்கை மாற்றிவிடும். பௌதிகவியலறிஞர் ஹைசன்பேர்க்கின் பெயரால் இத்தகைய பிழைகள் 'ஹைசன்பக்' எனப்படுகின்றன. 1985 இல் ஜிம் கிறே எழுதிய ஆய்வில் இச்சொல் இடம்பெற்றது. எனவேதான் கம்பியைத் தொடாது பக்கத்தே நின்று பதிவுசெய்யும் கருவிகளும், நிகழ்ச்சிகளின் நேரத்தை மட்டும் நினைவகத்திற் குறித்துவைத்துப் பின்னர் வாசிக்கும் முறையும் இன்றியமையாதனவாயின.

இம்முறையின் பயனை 1997 யூலை 4 இற் செவ்வாய்க்கோளில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் நன்கு காட்டியது. அதன் கருவிகளை இணைத்த தரவுப்பாட்டை செக்கனுக்கு எட்டுமுறை சுழற்சியாக இயங்கியது. ஒரு சுழற்சியில் தரவைப் பகிரும் பணி முடிவுறாதிருப்பதைக் கண்டால், அடுத்த சுழற்சியைத் தொடக்கும் பணி கணனியை மீளத்தொடங்கச் செய்தது. இறங்கிய சில நாட்களில் இவ்வாறு மீளத்தொடங்கல்கள் நிகழ்ந்தன. ஒவ்வொரு முறையும் அந்நாளின் எஞ்சிய பணி தடைப்பட்டது. பூமியிலிருந்த மாற்றுக்கலத்தில் அதே நிலை மீட்டுருவாக்கப்பட்டு, மென்பொருளிலே விடப்பட்டிருந்த பதிவுவசதியினாற் காரணம் காணப்பட்டது. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. முன்னுரிமை கூடிய பகிர்வுப்பணி அதற்காகக் காத்திருந்தது. இடைத்தரப் பணிகள் வானிலைப் பணியை இயங்கவிடவில்லை. இதற்குரிய தீர்வை லூயி ஷா, கோயம்புத்தூரிற் பொறியியல் பயின்ற ரகுநாதன் ராஜ்குமார், ஜோன் லெஹொஸ்கி ஆகியோர் 1990 இல் வெளியிட்ட ஆய்வில் வகுத்திருந்தனர். பூட்டைப் பிடித்திருக்கும் பணிக்குக் காத்திருப்போனின் முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்குவதே அது. அவ்வாறே திருத்தம் அனுப்பப்பட்டது. இப்பிழை புறப்படுமுன் நடந்த சோதனைகளிலும் தலைகாட்டியிருந்தது. மீண்டும் வருவிக்க இயலாமையால் விளக்கமின்றி விடப்பட்டது. பிழையை வலிந்து வருவித்து எல்லையைக் குறித்த தொலைஅச்சிப் பராமரிப்பாளரின் வழக்கம் இங்கு நினைவுக்கு வருகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தரவோட்டக் காலப்பிழைகளின் வரலாற்றில் நால்வகை விடைகள் மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் காணலாம். ஒரு கடிகாரத்தை மற்றொன்றுக்குப் பணியவைத்தல், ஒத்திருக்கவேண்டிய காலத்தைக் குறுக்குதல், இடையே தாங்குமிடம் அமைத்தல், பெறுபவர் தன் வேகத்தை அனுப்புபவருக்கு அறிவித்தல் என்பனவே அவை. இவற்றுள் எதுவும் மற்றவற்றை ஒழித்துவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய விலையொன்று உண்டு. அவ்விலையை எவரேனும் செலுத்துகின்றனர். போதோவின் காலத்தில் அதனைத் தந்தியாளரின் விரல்கள் செலுத்தின; தஹ்ரானில் உறங்குமிடத்திலிருந்த படையினர் செலுத்தினர்.

ஆகவே ஒரு தரவோட்டத்திற் பிழை நேரும்பொழுது கம்பியையும் சில்லையும் சந்தேகிப்பதற்கு முன்னர், இங்கு எத்தனை கடிகாரங்கள் உள, அவற்றுள் எது எதற்குப் பணிகின்றது, விலகல் எங்கே சேர்கின்றது என்று வினாவுதல் பொறியியலாளருக்குப் பயன்தரும். அதே வினாக்களைச் சற்று விரித்து, எவருடைய நேரம் எவருடைய நேரத்துக்காக வளைக்கப்பட்டது என்று கேட்பது வரலாற்று மாணவனின் கடனாகும். இவ்விரு துறையினரும் ஒருவர் மற்றவரது வினாவைக் கேட்கப் பழகுவராயின், இரு துறைகளும் பயன்பெறும் என்பதில் ஐயமில்லை.